தோற்கிற பக்கத்து ஆள்

தண்ணீர் வருவதற்கு முன் குழாயில் காற்று வரும். முதலில் ஒரு சீறல். பிறகு தொண்டையைச் செருமுவதுபோல இரண்டு கமறல். அப்புறம் துரு கலந்த கொஞ்சம் எச்சில். அதற்கும் அப்புறம்தான் தண்ணீர். போர்ட் பிளேயரில் மின்னி பே என்கிற பகுதியில் எங்கள் சரிவில் குடியிருக்கிற எல்லோருக்கும் அந்தச் சத்தம் தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் கால் தானாக வாளியைத் தேடிப் போகும். இன்று காலையும் கேட்டது. என் மனைவி எழுந்து போனாள். நான் படுத்தபடியே அவரை நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்பது மரியாதைக்காகச் சொல்வது. பொறாமைப்பட்டேன். பன்னிரண்டு வருஷம் ஆகியும் அந்தச் சீறலைக் கேட்டதும் எனக்குள் முதலில் வருவது அதுதான். மற்றதெல்லாம் பின்னால்தான் வரும்.

அவருக்குப் பெயர் இருந்தது. ஆபீஸ் ரிஜிஸ்டரில் இருந்திருக்கும். தெருவில் எல்லோரும் வால்வ்காரர் என்பார்கள். நாங்கள் தாதா என்று கூப்பிடுகிற பக்கத்து வீட்டு பெங்காலிப் பெரியவர் பானிவாலா என்பார். என் மனைவி அண்ணே என்பாள். நான் எப்படியும் கூப்பிட்டதில்லை, "இந்தாங்க" என்று ஆரம்பித்துவிடுவேன். அவர் என்னை சார் என்பார், என் மனைவியைத் தங்கச்சி என்பார். ஒரே வாசலில், ஒரே மூச்சில், "சார் இருக்காரா தங்கச்சி?" என்று கேட்பார். அந்த ஒரு வாக்கியத்தில் அவள் உள்ளே இருப்பாள், நான் வெளியே நிற்பேன். அது என் வீடு.

எங்கள் சரிவுக்கு மேல் வரிசை, கீழ் வரிசை என்று இரண்டு லைன். நாங்கள் மேல் வரிசை. கோடையில் ஒவ்வொரு வரிசைக்கும் மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர். தெருமுனையில் சிமெண்டுப் பலகைக்கு அடியில் இரண்டு வால்வுகள் அக்கம்பக்கமாக இருக்கும். காலை ஐந்தரைக்கு அவர் வந்து பலகையை நகர்த்தி, ஆளுயர இரும்புச் சாவியைக் குழிக்குள் இறக்கி, சுற்றுகளை வாய்விட்டு எண்ணித் திறப்பார். பதினெட்டுச் சுற்று. பதினெட்டு என்று அவர் சொல்லும்போது எங்கள் வீட்டுக் குழாய் சீறத் தொடங்கும். அந்தச் சாவி டி எழுத்து மாதிரி இருக்கும். அதைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறி வருகிறவரை முதல்முறை பார்க்கிறவர்கள் சிலுவை என்று நினைத்துவிடுவார்கள். "சிலுவைன்னா ஒருக்கா சுமந்தாப் போதும். இது வாரம் பூரா" என்பார்.

சிலோன் மலைத் தோட்டத்திலிருந்து கைக்குழந்தையாகக் கப்பலேறி வந்தவர். கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்து, அங்கேயே பால் வெட்டி, அங்கேயே கல்யாணம் செய்து, சுனாமி அலைக்குப் பிறகு போர்ட் பிளேயருக்கு வந்து தண்ணீர் ஆபீசில் மஸ்தூராக, தினக்கூலியாகச் சேர்ந்தவர். அலையில் மகள் போனாள், மனைவியும் இப்போது இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பேசியதில்லை. அவரும் பேசியதில்லை.

அவர் பேசியதெல்லாம் வேறு. அவரிடம் ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. எந்த வாக்குவாதத்திலும் தோற்கிற பக்கத்தில் போய் நின்றுகொள்வார். ஏன் என்று கேட்டால், "அங்கதான சார் ஆள் கம்மி" என்பார்.

வால்வுக் குழிக்கு எதிரே சேட்டன் டீக்கடை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே கூடுவோம். கோடையில் பேச்சு தண்ணீரில் தொடங்கும், தண்ணீர் இல்லாததில் நடக்கும், கடைசியில் கடவுளில் போய் முட்டும். தாதா ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், கழுத்தில் துளசி மாலை. சேட்டனோ கொல்லத்திலிருந்து கிளம்பும்போதே சாமியை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். இருவரும் எதிரெதிராக உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் ஒரு முக்காலி. அது அவருடையது. அது ஒரு இடத்தில் நின்று நான் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாதா தன் வழக்கமான கணக்கைப் போட்டார். குழாய் தானாகத் தண்ணீர் தருமா, தராது, பின்னால் வால்வு இருக்கிறது. வால்வு தானாகத் திறக்குமா, பானிவாலாவின் கை வேண்டும். அதற்கு முன் பம்ப், அதற்கு முன் அணை, அணைக்கு மழை, மழைக்குக் கடல், கடலைக் காய்ச்ச வெயில். இப்படியே போனால் கடைசியில் ஒரு கை இருந்துதானே ஆகவேண்டும், அப்னே ஆப், தானாக, ஒன்றும் நடக்காது பாய், என்றார். சேட்டன் கண்ணாடித் தம்ளரைத் துடைத்தபடி பதிலுக்குத் தடவினார். அதைப் பார்த்ததுதான் தாமதம், இவர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு சேட்டன் பக்கம் போய் உட்கார்ந்தார்.

"தாதா, என் கையைத் திருப்பச் சொல்றது டூட்டி சீட்டு. அதை எழுதுறது ஜூனியர் இன்ஜினியரு. அவருக்கு மேல ஒருத்தரு. ஒவ்வொரு கைக்கும் மேல ஒரு கை வேணும்னு நீங்கதான சொல்றீங்க. அப்ப அந்தக் கடைசிக் கைய யாரு டூட்டிக்கு அனுப்புனது? யாரும் அனுப்பாமலே ஒரு கை இருக்கலாம்னா, மழைக்கு மட்டும் அந்த உரிமை கெடையாதா?"

தாதா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். சேட்டனுக்குத் தலைகால் புரியவில்லை. அதுதான், கை கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது என்று கல்லாவைத் தட்டினார். முக்காலி உடனே எழுந்தது. தாதா பக்கம் போய் உட்கார்ந்துகொண்டு இவர் நிதானமாகக் கேட்டார்: "சேட்டா, முப்பது வருஷமா அணைத் தண்ணியில டீ போடுறீங்க. ஒரு நாளாச்சும் அணையைப் பார்த்திருக்கீங்களா?" சேட்டன் பார்த்ததில்லை. கடையை விட்டு எங்கே போவார்.

இன்னொரு நாள் தாதா, மனிதனுக்காகவே மரத்துக்குள் பாலை வைத்தவன் எவன், உங்கள் கட்சால் ரப்பரையே எடுத்துக்கொள், என்றார். நான் பெரிதாகச் சிரித்து எதையோ சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். அந்தப் பால் நமக்காக வைத்ததில்லை, வெட்டுப்பட்ட மரம் தன் காயத்தை மூடிக்கொள்ளக் கசிய விடுவது, அது மூடிக்கொள்ளாமல் நாம் தினம் அதே இடத்தில் வெட்டுகிறோம், என்றார். ரொம்ப மெதுவாகத்தான் சொன்னார்.

நான் எழுதுகிறவன். பகலில் ஒரு ஆபீசில் கோப்புகளுக்குக் குறிப்பு எழுதுவேன், மற்ற நேரத்தில் வசனமும் கவிதையும் முயங்கிய எதையோ எழுதிச் சிறு பத்திரிகைகளுக்கு அனுப்புவேன். மெயின்லேண்டிலிருந்து பதில் வர ஆறு மாதம் ஆகும். இங்கே வாசித்துக் காட்டினால் இருபது பேர் வருவார்கள். அதில் பதினைந்து பேர் சாய்ந்து தூங்குவார்கள். இவரோ எட்டாவது வகுப்பு. கையில் கிரீஸ். இவர் ரப்பர் மரத்தைப் பற்றிப் பேசினால், பெட்ரோல் போடப் போகிறவன் வண்டியை நிறுத்திக் கேட்கிறான். அன்று வீட்டுக்கு வந்து அந்த வாக்கியத்தை என் நோட்டில் எழுதிக்கொண்டேன். இன்னும் பலவற்றையும் எழுதிவைத்தேன். எல்லாம் என் கையெழுத்துக்கு வந்ததும் கரையில் போட்ட மீனைப்போல நிறம் மாறிவிட்டன. திருடியும் பிரயோசனமில்லை.

அது ஒரு பொறாமை. அதோடு நின்றிருந்தால் தாங்கியிருப்பேன்.

எங்கள் குடும்பத்தில் கடவுள் இல்லை. அப்பா காலத்திலேயே வெளியேற்றப்பட்டுவிட்டார். எங்கள் கல்யாணம் ஐயர் இல்லாமல், நேரம் பார்க்காமல், ராகு காலத்தில் மாலை மாற்றி நடந்தது. மனைவி பெரார்கஞ்ச்காரி. வயலும் பாக்குத் தோப்பும் உள்ள வீடு, வருஷத்துக்கு ஒருமுறை பால்குடம் எடுக்கிற வீடு. அவள் கொண்டுவந்த சாமான்களில் ஒரு சின்னப் பித்தளை விளக்கும் இருந்தது. அதை ஏற்றியதில்லை. எடுத்து எறியவும் இல்லை. அலமாரியில் தேங்காய்த் துருவி பக்கத்தில் பல வருஷம் சும்மா இருந்தது.

பிறகு ஐந்தாம் மாதத்தில் எங்கள் குழந்தை கலைந்துபோயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரம் அவள் அந்த விளக்கைத் துலக்கிச் சாயங்காலம் ஏற்றினாள். மறுநாளும் ஏற்றினாள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கத்தவில்லை, கிண்டல் செய்யவில்லை. அதைச் செய்திருந்தாலாவது சண்டையாக முடிந்திருக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து அன்பாக எடுத்துச் சொன்னேன். கேட்கிற ஒருவன் இருந்தால் இதை ஏன் நடக்க விட்டான். நடந்த பிறகு அவனிடம் கேட்டு என்ன ஆகும். தடுக்க முடியாதவன் என்றால் எதற்கு விளக்கு, தடுக்க மனமில்லாதவன் என்றால் எதற்கு விளக்கு. தினம் ஒரு நியாயம். எல்லாம் உருப்படியான நியாயங்கள். ஒரு சாயங்காலம் அவள் விளக்கைத் துடைத்து, பேப்பரில் சுற்றிப் பரண்மேல் வைத்தாள். "நீங்க சொல்றது சரிதான்" என்றாள்.

நான் சந்தோஷப்பட்டேன். அதைச் சொல்லாமல் இந்தச் சித்திரத்தை எழுத முடியாது.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் காஸ் தீர்ந்ததைப் பேசினாள், அரிசி வாங்குவதைப் பேசினாள், தன் சொந்த அண்ணன் சென்னையிலிருந்து வருகிற கப்பல் என்றைக்கு என்று பேசினாள். கேட்டதற்கு முகம் சுளிக்காமல் பதில் சொன்னாள். ஆனால் சமையலறையில் கரண்டி விழுந்தால்கூட, விழுந்துவிட்டது என்று வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு யாரும் இல்லாதது போல இருந்தது வீடு. நான் இருந்தேன். ஒரு வருஷம் அப்படிப் போயிற்று.

ஒரு தண்ணீர் நாளில் வாசலில் அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் சாவியைத் தரையில் ஊன்றி அதன்மேல் கைகளைப் போட்டு நின்றிருந்தார். அவள் குடத்தை இடுப்பில் வைத்திருந்தாள். "சிரிக்காம சொல்லுங்க அண்ணே" என்றாள், தானே சிரித்துக்கொண்டு. "தாகம்னு ஒண்ணு இருக்குதுல்ல. தண்ணின்னு ஒண்ணு இல்லாமலா அது இருக்கும்? அதே மாதிரி, யாரையாச்சும் கூப்பிடணும்னு மனசு கெடந்து தவிக்குதே, கூப்பிட ஆளே இல்லாமலா தவிக்கும்?"

என்னிடம் ஒருநாளும் கேட்காத கேள்வி. அவர் அவளை மறுத்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன், வாயைத் திறந்தவரை மடக்குவதுதானே அவர் பிழைப்பு. அவர் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்த வீட்டில் எது தோற்கிற பக்கம் என்பது ஒரு பார்வையில் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இருக்கும் தங்கச்சி. தண்ணியே இல்லாத ஒலகத்துல தாகம் மொளைக்காது. ஆனா இன்னிக்கு நம்ம லைனுக்கு வரும்னு நான் எழுதித் தர முடியாது."

அவள் மறுபடி சிரித்தாள். நான் வெளியே போனேன். பறக்கவேண்டும் என்றுகூடத்தான் மனிதனுக்கு ஏக்கம், அதற்காக முதுகில் சிறகு இருக்கிறதா என்று கேட்டேன். கேட்டு முடிக்கவில்லை, சென்னை விமானம் எங்கள் கூரைகளை உரசுவதுபோல் இறங்கிப் போயிற்று. அவர் அண்ணாந்து பார்த்தார். அவ்வளவுதான். என் மனைவி குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு தண்ணீர் நாளும் வாசலில் பத்து நிமிஷம். மூன்று நாளைக்கு ஒருமுறை எனக்குள்ளும் ஏதோ திறந்து பீறிட்டது. அவளை எப்போதும் ஜெயிக்க விட்டார் என்றும் சொல்ல முடியாது. பாத்திரத்தை வைத்துவிட்டுக் காத்திருந்தால் என்ன நட்டம், வந்தால் லாபம்தானே என்று அவள் ஒருநாள் சொன்னபோது, தண்ணீர் வராத நாளில் அப்படிக் காத்திருந்தவளுக்கு அந்த நாளே நட்டம்தான் தங்கச்சி என்று மடக்கிவிட்டார். அவளுக்குக் கோபமே வரவில்லை. என்னிடம் தோற்றபோது ஊமையானவள், அவரிடம் தோற்றபோது "அதுவும் சரிதான், இருங்க, யோசிச்சு வைக்கிறேன்" என்றாள். யோசித்தும் வைத்தாள். சோறு வடிக்கும்போது உதடுகள் அசைந்தன. அடுத்த தண்ணீர் நாளுக்காக அவள் தயாராகிக்கொண்டிருந்தாள்.

அந்த உதடுகளைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் சாப்பிடுவது.

அந்த ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் எனக்கு வார்த்தைகள் கூடிவந்தன. உலகத்தில் குழந்தைகளுக்கு நடக்கிறதைச் சொன்னேன். எல்லாம் அறிந்தவனும், எல்லாம் முடிந்தவனும், எல்லோர்மேலும் அன்புள்ளவனும் ஒரே ஆளாக இருக்க முடியாது, மூன்றில் ஒன்றைக் கழித்தே ஆகவேண்டும் என்று சொன்னேன். தாதா தலை குனிந்திருந்தார். சேட்டன் பாலைப் பொங்கவிட்டுக் கேட்டார். பிஸ்கட் வாங்க வந்த என் மனைவி பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைக் கேட்கிறாள் என்று நினைத்தேன். அவள் கண் முக்காலிமேல் இருந்தது. அது எழுந்து தாதா பக்கம் நகர்ந்தது.

"சார், வாளி பாதிதான் ரொம்பிச்சுன்னு எங்கிட்ட சண்டைக்கு வர்றீங்க. முழு வாளின்னா எதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, அதான் சண்டை. தண்ணியே வராத லைன்ல எவனாச்சும் பாதின்னு சண்டை போடுவானா? அநியாயம்னு இவ்வளவு சத்தமா சொல்றீங்களே, நியாயத்தை எந்தக் குழாயில புடிச்சீங்க?"

கடை முழுக்கச் சிரித்தது. தாதா நிமிர்ந்து உட்கார்ந்தார். பந்தல்காலைப் பிடித்திருந்த கையும் சிரித்துக் குலுங்கியது. நான் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்:

"கட்சால்ல அன்னிக்குக் காலையில வால்வைத் தெறந்தது யாரு? உங்க மக கரையில நின்னப்ப?"

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. சேட்டன் அதை இறக்கவில்லை.

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து முக்காலியைக் கையில் எடுத்தார். என் பக்கம் பார்த்தார், தாதா பக்கம் பார்த்தார். அதை எங்கே போடுவது என்று தெரியாமல் ஒரு மனிதன் நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன். பிறகு அதைக் கடைக்குள்ளே கொண்டுபோய்ச் சுவரோரமாக, ஓசைப்படாமல் வைத்துவிட்டு, சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கிப் போனார்.

வீட்டில் என் மனைவி கொடியிலிருந்த துணிகளை எடுத்துவந்து மடித்தாள். எல்லாவற்றையும் மடித்து முடித்த பிறகு பேசினாள். பல மாதங்களுக்குப் பிறகு என்னிடம் பேசிய நீளமான பேச்சு அது, அதுவும் அவரைப் பற்றியது.

அலைக்குப் பிறகு அவரும் அவர் மனைவியும் மட்டும் போர்ட் பிளேயரில் ஒரு பள்ளிக்கூடத்து முகாமில் இருந்தார்களாம். மகள் சாமிகிட்ட பத்திரமாக இருக்கிறாள் என்று அந்த அம்மாள் சொல்லிக்கொண்டே இருந்தாளாம். அவருக்கு அது பொறுக்கவில்லை. எந்தச் சாமி, எந்த இடம், பத்திரமாக வைக்கிறவன் எதற்கு அப்படிக் கொண்டுபோனான் என்று தினம் கேட்டாராம். ஒவ்வொன்றாக, பொறுமையாக, பதில் சொல்ல முடியாதபடி. ஒருநாள் அவள், ஆமா, நீங்க சொல்றதுதான் சரி என்றாளாம். அதற்குப் பிறகு மகளைப் பற்றிப் பேசவில்லை. அழவில்லை. சோறு இறங்கவில்லை. டாக்டர்கள் நோய் ஒன்றும் இல்லை என்றார்கள். ஆறு மாதம்கூட அவள் உயிரோடு இல்லை.

"அன்னியிலேர்ந்துதான் அண்ணன் தோக்குற பக்கத்தைத் தனியா விடுறதில்ல" என்றாள் என் மனைவி. "நீங்க இன்னிக்கும் ஜெயிச்சிட்டீங்க."

அப்போதும் என் மனதில் முதலில் வந்தது என்ன தெரியுமா. இதை அவர் இவளிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஐந்தரைக்குக் குழாய் சீறியது.

எங்கள் முறை இல்லை. எங்களுக்கு முந்தைய நாள்தான் வந்து, டிரம்களெல்லாம் தளும்ப நின்றன. அன்று கீழ் வரிசையின் நாள். மேல் வரிசையில் ஒருவரும் பாத்திரம் வைத்திருக்கவில்லை. திறந்தே கிடந்த குழாய்களிலிருந்து தண்ணீர் கொட்டி, வாசல்களைத் தாண்டி, சரிவில் ஓடியது. தாதா வெளியே வந்து ஓடுகிற தண்ணீரைக் கும்பிட்டார். கேட்காமலே கொடுத்திருக்கிறான் என்றார். லைன் மாறித் திறந்துவிட்டார், அவ்வளவுதான் என்றார் சேட்டன். இரண்டு பக்கமும் தயாராக இருந்தது. முக்காலிதான் இல்லை.

என் மனைவி வாளியை எடுக்கவில்லை, தெருமுனைக்கு ஓடினாள். நான் பின்னால் போனேன். அவர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து சாவியைச் சுற்றிக்கொண்டிருந்தார். வால்வு எப்போதோ முழுக்கத் திறந்துவிட்டது, சாவி அதன் தலையில் பற்றாமல் சும்மா வழுக்கிக்கொண்டிருந்தது. அவர் எண்ணிக்கொண்டிருந்தார். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. அவள் குனிந்து அவர் கையின்மேல் கையை வைத்தாள். எங்களை நிமிர்ந்து பார்த்து, "இன்னிக்கு மேல் வரிசைதான தங்கச்சி?" என்றார்.

அன்று கீழ் வரிசையில் ஒரு வீட்டில் நிச்சயதார்த்தம். நூறு பேருக்குச் சமையல். மேலே போன தண்ணீர் போனதுதான், தொட்டியில் மீதி இல்லை. புகார் மனு எழுதவேண்டும், நீங்கள்தான் நன்றாக எழுதுவீர்கள் என்று என்னிடமே வந்தார்கள். ஆபீஸ் வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். எழுதவில்லை. எழுதாதீர்கள் என்றும் சொல்லவில்லை.

மனு வேறு யாரோ எழுதிப் போயிற்று, விளக்கம் கேட்டு அவருக்குக் கடிதம் வந்தது. உடம்பு சரியில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் முடிந்திருக்கும். அவர், நாள் மறந்துவிட்டேன், தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தார். அதே தாளின் அடியில், கட்சாலில் ஆள் போக மறுக்கிற பம்ப் ஹவுஸுக்குத் தன்னை அனுப்பும்படியும் கேட்டிருந்தார். அலைக்குப் பிறகு ஒருமுறைகூட அவர் காலெடுத்து வைக்காத தீவு.

கப்பல் நாளன்று காலையில் சமையலறைக்குப் போனேன். பரணில் இருந்த பித்தளை விளக்கு ஜன்னல்திட்டில் இருந்தது. பேப்பரைப் பிரித்திருந்தாள். திரியோ எண்ணெயோ இல்லை. அவள் எலுமிச்சம்பழச் சாதத்தைப் பொட்டலம் கட்டியபடி ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். எனக்குள் பழைய நியாயங்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வரிசையில் நின்றன. நான் தண்ணீர் குடித்துவிட்டு வெளியே வந்தேன்.

கப்பல்துறையில் அவர் ஒரு தகரப்பெட்டியுடன் நின்றிருந்தார். சாவி இல்லாமல் பார்த்ததில்லை. ஒரு தோள் தாழ்ந்தே பழகியிருந்ததால் கோணலாகத் தெரிந்தார். என் மனைவி பொட்டலத்தைக் கொடுத்தாள். சாப்பாட்டை, மருந்தை, அங்கே டவர் கிடைக்குமா என்பதைப் பேசினார்கள். அவள் அழுதாள். அவர் முன்னால் அழ அவளால் முடிந்தது. நான் இரண்டடி தள்ளி நின்றேன். மன்னிப்புக் கேட்பதற்காக வீட்டிலேயே நான்கு வாக்கியங்கள் தயாரித்திருந்தேன். நல்ல வாக்கியங்கள். அவர் பெட்டியின் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏறவேண்டியவர்கள் ஏறுங்கள் என்று ஒலிபெருக்கி இந்தியில் சொன்னது. அவர் பெட்டியைத் தூக்கினார். இரண்டு எட்டு வைத்தவர் திரும்பி என்னிடம் வந்தார்.

"என்ன சார்" என்றார். "இப்ப எந்தப் பக்கம்?"

கேலியில்லை. டீக்கடையில் முக்காலியை நகர்த்திப் போட்டதும் கேட்பாரே, அந்தக் குரல். பதில் என்னிடம் இருந்தது. என் அப்பாவிடமிருந்து வாங்கி, முப்பது வருஷம் தீட்டிவைத்த பதில். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவரை இல்லை, என்னை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தாள்.

"தெரியல" என்றேன்.

அவர் இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். என் தோளில் கையை வைத்தார்.

"அப்ப எனக்கு இங்க நிக்க எடமில்லையே மாப்ள" என்றார். "சரி, ஏறிக்கிறேன்."